நடுவர் காணாததை வீரர் சொல்ல வேண்டுமா?

கேள்வி: டென்னிஸ் பயிலும் என் மகளும் நானும் பெரிய போட்டிகளைத் தவறாமல் பார்ப்போம். பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகே தான் அடித்தோம் என்று தெரிந்தும் வாய் திறக்காமல் புள்ளியைப் பெறுவது ஏமாற்று என்கிறேன் நான். அதைப் பார்க்கத்தானே நடுவர் இருக்கிறார் என்கிறாள் அவள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது; அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். தொழில்முறை ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று தீர்மானிப்பது வீரரின் வேலை அன்று. 2025 முதல் விம்பிள்டனிலேயே கோட்டு நடுவர்களின் இடத்தில் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. அத்தகைய தீர்ப்பு சாதகமாக அமைந்ததற்காக எவரையும் பழிக்க இயலாது.

ஆனால் ஆறாத மனக்கசப்பை உண்டாக்குவது, ஒருவருக்கு மட்டுமே உறுதியாகத் தெரிந்ததை அவர் சொல்லாமல் விடுவதுதான். 2003 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியின் மூன்றாவது செட்டில், 4-2 என முன்னிலையில் இருந்த செரீனா வில்லியம்ஸ் சர்வ் போடும் நேரத்தில், தான் தயாராக இல்லை என்பதற்கு அடையாளமாக எதிராளி ஜஸ்டின் ஹெனின் கையை உயர்த்தினார். சர்வ் வலையில் விழுந்தது. ஒரு புள்ளிக்கு இரண்டு சர்வ் வாய்ப்புகள்தான்; வீணான அந்த முதல் சர்வை மீண்டும் போட செரீனா அனுமதி கேட்டபோது, கை உயர்ந்ததைக் கவனிக்காத நடுவர் மறுத்துவிட்டார். ஹெனினும் மௌனமாக இருந்துவிட்டார். அந்த ஒரு சர்வால்தான் செரீனா 7-5 என அந்த செட்டை இழந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும் தன் கையைத் தான் உயர்த்தியது ஹெனினுக்குத் தெரியாமல் இருந்திருக்க வழியில்லை என்பதால், என் பார்வையில் அந்த மௌனம் தவறுதான்.

2005இல் ரோம் நகரில் ஆண்டி ராடிக் செய்தது இதற்கு நேர்மாறானது. இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ராடிக் வென்றுவிடுவார் என்ற நிலையில், அதாவது அவருடைய மேட்ச் பாயிண்டில், எதிராளி ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் வெளியே விழுந்ததாக அறிவிக்கப்பட, களிமண் தரையில் பதிந்திருந்த தடத்தைக் காட்டி, பந்து உள்ளேதான் விழுந்தது என்று ராடிக்கே சொன்னார். முடிவில் அந்த ஆட்டத்தில் தோற்றார். இத்தனைக்கும் அது கோட்டைப் பற்றிய தீர்ப்பு. அவர் பேசாமல் இருந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2024இல் சின்சினாட்டியில் ஃபெலிக்ஸ் ஓஷே-அலியாசிமுக்கு எதிரான மேட்ச் பாயிண்டில் ஜாக் டிரேப்பர் அடித்த பந்து, அவருடைய பக்கத்துத் தரையில் பட்டே வலையைத் தாண்டியது என்பது மறுஒளிபரப்பில் தெரிந்தது. நடுவர் புள்ளியை அவருக்கே அளித்தார். தான் அதைப் பார்க்கவில்லை என்றார் டிரேப்பர். மெதுவாக ஓடும் காட்சியைப் பலமுறை பார்க்கும் நாம், கணப்பொழுதில் ஆடி முடித்தவரை ஏமாற்றுக்காரர் என்று அவசரப்பட்டு அழைக்கக் கூடாது.

மரியாதையை எதிராளியிடம் கேட்டு வாங்கவும் முடியாது. 2025 அமெரிக்க ஓபனில், வலையில் உரசி அதிர்ஷ்டத்தால் விழுந்த பந்துக்கு எதிராளி டெய்லர் டவுன்சென்ட் வழக்கப்படி மன்னிப்புக் கேட்கவில்லை என்று ஆட்டம் முடிந்ததும் சீறிய யெலெனா ஓஸ்டபென்கோ, பின்னர் தாமே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. முறையீடு எதுவானாலும் நடுவரிடம் சொல்வதே நல்லது.

நடுவர் இல்லாமல் ஆடும்போது உங்கள் மகளின் வாதம் நிற்காது. அங்கே தன் பக்கத்துக் கோட்டுக்கு அவரேதான் தீர்ப்பளிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பலன் எதிராளிக்கே போகும். பந்து இருமுறை தரையில் பட்டிருந்தால், அடுத்த சர்வுக்காகக் காத்திராமல் அந்தக் கணமே ஆட்டத்தை நிறுத்திச் சொல்லிவிடப் பழகச் சொல்லுங்கள்.