ஈ கடித்தால் கண் போகுமா?

கேள்வி: வேலைக்காக ஆப்பிரிக்கா போகிறேன். அங்கே ஒரு ஈ கடித்தால் பார்வை போய்விடும், ஒரு மாத்திரையில் சரியாகிவிடும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: பாதி நிஜம். நீங்கள் சொல்வது ஆற்றுக் குருட்டு நோய், மருத்துவப் பெயர் ஆங்கோசெர்சியாசிஸ். வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கறுப்பு ஈ, கடிக்கும்போது ஒரு புழுவின் இளம் உருவை உடம்பில் விட்டுவிடும். ஆனால் ஒரு கடியில் கண் போகாது, பல கடிகள் வாங்கினால்தான் பெரும்பாலும் நோயே வரும், அதனால் குறுகிய காலம் போய் வருபவர்களுக்கு ஆபத்து குறைவு. வளர்ந்த புழு தோலுக்கடியில் முடிச்சாகத் தங்கி 10 முதல் 15 வருஷம்வரை வாழும். அது ஈனும் லட்சக்கணக்கான நுண்புழுக்கள் தோலிலும் கண்ணிலும் செத்து விழும்போது உடம்பு காட்டும் எதிர்ப்புதான் தாங்க முடியாத அரிப்புக்கும் கருவிழி மங்குவதற்கும் காரணம்.

சரி, மாத்திரை? ஐவர்மெக்டின் நுண்புழுக்களைக் கொல்லும், தாய்ப்புழுவைக் கொல்லாது. அதனால் வருஷத்துக்கு ஓரிரு முறை, பல வருஷம் விழுங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற இன்னொரு மருந்து வேறு வழியில் போகிறது. புழுவுக்குள் குடியிருக்கும் வோல்பாகியா பாக்டீரியாவை அழித்துப் புழுவை மலடாக்கி, மெதுவாகச் சாகடிக்கும். இழந்த பார்வையை இரண்டுமே திருப்பித் தராது. மத்திய ஆப்பிரிக்கா என்றால் ஒன்று கவனம்: லோவா லோவா என்ற இன்னொரு புழு ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் மூளையையே பாதிக்கலாம், பரிசோதிக்காமல் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். தடுப்பூசி கிடையாது. ஈ பகலில் கடிக்கும், ஆற்றோரம் போனால் முழுக்கைச் சட்டை போடுங்கள், பூச்சிவிரட்டி தடவுங்கள்.