நான்கு ஊசி போட்டும் நிற்காத சினை

வணக்கம். எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு மூன்றாவது கன்று போட்டு ஆறு மாதம் ஆகிறது. நான்கு முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் 21, 22 நாளில் பருவத்துக்கு வந்துவிடுகிறது. பருவத்தில் வடியும் வழும்பு கண்ணாடி போலத்தான் இருக்கிறது. கருப்பையில் மரபணுக் கோளாறு என்கிறார் ஒருவர். விற்றுவிடலாமா?

– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு விற்க வேண்டாம். மூன்று கன்று ஈன்ற பசுவுக்குப் பிறவிக் கோளாறு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. கருப்பை பற்றிய ஆய்வுகள் பேசுவது, இருக்கிற மரபணு எந்த நாளில் வேலை செய்கிறது, எந்த நாளில் அடங்குகிறது என்பதைத்தான். தீவனம், நோய், ஹார்மோன் மூன்றாலும் அது மாறும்.

கரு 4, 5ஆம் நாளில் கருப்பைக்குள் இறங்கும். சினைப்பையில் உருவான மஞ்சள் திரட்சி சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான், கருவுக்கு ஊட்டம் தரும் மரபணுக்களைக் கருப்பையின் உட்சுவரில் எழுப்புகிறது. அது தாமதமாக ஏறினால் கரு வளர்ச்சி பின்தங்கும். 16ஆம் நாள் வாக்கில், நூல்போல நீண்ட கரு இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தைப் போதுமான அளவு சுரக்க வேண்டும். சுரந்தால் உட்சுவரில் ஆக்ஸிடோசின் ஹார்மோனை உணரும் ஏற்பிக்கான மரபணு அடங்கியிருக்கும். சுரக்காவிட்டால் புரோஸ்டாகிளாண்டின் என்ற ஹார்மோன் வெளிப்பட்டு மஞ்சள் திரட்சியைக் கரைத்துவிடும். 21ஆம் நாள் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து கத்தும்.

ஆகவே உங்கள் பசுவில் கரு உருவாகவே இல்லை, அல்லது 16ஆம் நாளுக்குள் அழிந்திருக்கிறது. 25 நாளைத் தாண்டித் திரும்பியிருந்தால், கரு தன் இருப்பை உணர்த்திய பிறகு இறந்தது என்று சந்தேகிக்கலாம்.

முதலில் நேரத்தைச் சரிபாருங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. விந்துக் குச்சியை 37 டிகிரி நீரில் 30 விநாடி உருக்கி உடனே செலுத்த வேண்டும்.

அடுத்தது, பலரும் கோட்டை விடுகிற இடம். வழும்பு தெளிவாக இருந்தாலும் உள்ளே அழற்சி இருக்கலாம். இன்டர்லூக்கின் 6, 8 போன்ற அழற்சி மரபணுக்கள் கன்று ஈன்ற சில வாரங்களில் அடங்க வேண்டும். நஞ்சுக்கொடி தங்கிய மாட்டிலும், ஈன்றபின் மெலிந்துகொண்டே போகும் மாட்டிலும் அவை நீடிக்கக்கூடும். மெலிவு நிற்க அடர்தீவனத்தைக் கவனியுங்கள்.

இந்த அழற்சியைக் கண்டுபிடிக்க மருத்துவரால் எளிதாக முடியும். பருவத்து வழும்பு 1 மி.லி.யுடன் 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் 1 மி.லி. சேர்த்துக் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். மஞ்சள் நிறம் வந்தால் அழற்சி. சோதிக்காமல் கருப்பைக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற விடாதீர்கள். அயோடின் மருந்தும் அடர்த்தி கூடினால் உட்சுவரைப் புண்ணாக்கும்.

சோதனையில் மஞ்சள் நிறம் வந்தால் அந்தப் பருவத்தில் சினை ஊசி போடாதீர்கள். மருத்துவர் சிகிச்சை தந்து, ஏழு நாளுக்குப் பிறகு மஞ்சள் திரட்சி இருப்பதை உறுதிசெய்து, புரோஸ்டாகிளாண்டினால் அடுத்த பருவத்தைச் சீக்கிரம் வரவழைக்கலாம். சோதனையில் மஞ்சள் நிறம் வராவிட்டால், சினை ஊசி போட்ட 5ஆம் நாள் ஜி.என்.ஆர்.எச். என்ற, சினைமுட்டையை வெளிவரச் செய்யும் ஹார்மோன் ஊசி பற்றிக் கேளுங்கள். அது இரண்டாவது மஞ்சள் திரட்சியை உருவாக்கிப் புரோஜெஸ்டிரோனை உயர்த்தும். எல்லா மாட்டிலும் பலிக்காது என்றாலும் உங்கள் பசுவுக்குச் செய்து பார்க்கத் தகும்.