பெங்களூரைச் சுற்றி விளைவதைச் சமைப்பது எப்படி? கேள்விகளும் பதில்களும்

பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் பலர், நகரைச் சுற்றி விளையும் பொருள்களை வாங்கிச் சமைக்கப் பழகுவது பற்றிக் கேட்ட கேள்விகளும், இங்கே நெடுங்காலமாக வீட்டுச் சமையல் கற்றுத்தரும் ஒரு பெண்மணி அளித்த பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன.

கேள்வி (ஒயிட்ஃபீல்டிலிருந்து): இந்த ஆண்டு முதல் கர்நாடகத்தில் விளைந்ததை மட்டுமே வாங்குவது என்று நானும் என் கணவரும் முடிவு செய்துள்ளோம். இது சரியான அளவுகோல்தானா, அம்மா?

பதில்: நோக்கம் நல்லது, அளவுகோல்தான் பொருந்தவில்லை. ராய்ச்சூரில் விளைந்து இங்கே வரும் சோனா மசூரி அரிசி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் செய்கிறது. ஓசூர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் முட்டைக்கோசு 40 கிலோமீட்டரில் உங்கள் வீட்டை அடைந்துவிடுகிறது. மாநில எல்லையைப் பார்ப்பதை விட, இந்த மேட்டு நிலத்தின் செம்மண்ணில் மழையை நம்பி எவை விளைகின்றன என்று பார்ப்பதே பயன்தரும். கேழ்வரகு, அவரை, துவரை, கொள்ளு, நிலக்கடலை ஆகியவை அப்படிப்பட்டவை. கோலார், சிக்கபள்ளாபூர் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் தக்காளியும் காய்கறிகளும் கீரைகளும் பயிராகின்றன. அரிசியைக் கைவிடச் சொல்லவில்லை. கிருஷ்ணராஜசாகர் அணையின் கால்வாய் நீரில் நெல் விளையும் மண்டியா இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். உப்பும் மிளகும் கடுகும் எக்காலத்திலும் தொலைவிலிருந்தே வந்தவை. ஆகையால் இதை ஒரு விரதம்போல் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (பானஸ்வாடியிலிருந்து): எங்கள் ஊர் தஞ்சாவூர். கேழ்வரகுக் களி எங்கள் வீட்டில் செய்ததே இல்லை. அலுவலக நண்பர் வீட்டில் முத்தே என்னும் களி உருண்டையைச் சாப்பிட்டுப் பிடித்துப்போய் நானே செய்து பார்த்தேன். உள்ளே மாவுக் கட்டிகள் வேகாமல் நின்றுவிடுகின்றன. எங்கே தவறுகிறேன்?

பதில்: பெரும்பாலும் மாவைக் கொட்டியவுடன் கிளறத் தொடங்குவதே காரணம். ரவை உப்புமாவுக்கு அந்தப் பழக்கம் சரி, களிக்கு ஆகாது.

ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் கணக்கு. அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீரை உப்புடன் வையுங்கள். ஒரு கரண்டி மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கரைத்து அதில் ஊற்றி, மெல்லிய கஞ்சிபோல் கொதிக்கவிடுங்கள். நன்றாகக் கொதிக்கும்போது மீதி மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டி, கிளறாமல், தீயைக் குறைத்து ஐந்து நிமிடங்கள் விட்டுவிடுங்கள். குவியலைச் சுற்றிக் கொதிநீர் ஏறி, மாவு தன் ஆவியிலேயே பாதி வெந்துவிடும். அதன் பிறகு, பாத்திரத்தைக் கிடுக்கியால் இறுகப் பிடித்துக்கொண்டு, உருண்டையான மரக்கோலால் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கிளற வேண்டும். தட்டையான கரண்டி கட்டியை நகர்த்துமே தவிர நசுக்காது, கோல்தான் நசுக்கும். மாவின் அரைப்பைப் பொறுத்து நீர் சற்றுக் கூடவோ குறையவோ தேவைப்படும் என்பதால் அரை டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் வைத்திருங்கள். பிறகு மூடி, மிகச் சிறு தீயில் மேலும் சில நிமிடங்கள் புழுங்கவிட்டு, நனைத்த தட்டில் கொட்டி, ஈரக் கையால் உருட்டுங்கள். கையில் ஒட்டினால் இன்னும் வேகவில்லை என்று பொருள்.

சாப்பிடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சிறு துண்டாகக் கிள்ளி, சாற்றில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதே இங்குள்ள வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு, இதில் என்ன சுவை இருக்கிறது என்று உங்கள் வீட்டார் கேட்பார்கள்.

கேள்வி (அல்சூரிலிருந்து): என் தந்தைக்குச் சர்க்கரை நோய். களி எவ்வளவு சாப்பிட்டாலும் பரவாயில்லை என்கிறார்.

பதில்: அது சரியன்று. கேழ்வரகில் நார்ச்சத்தும், 100 கிராமுக்கு 340 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் அதன் எடையில் பெரும்பகுதி மாவுச்சத்தே. உருண்டையின் அளவைச் சிறிதாக்கி, கீரையும் பருப்பும் கூடுதலாக வையுங்கள். எவ்வளவு உண்ணலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஜே.பி. நகரிலிருந்து): குளிர்காலம் வந்தால் தெருவெங்கும் அவரைக்காய் குவிந்துவிடுகிறது. வாங்கினால் ஒரு நாள் நல்ல மணம், மறுநாள் வெறும் பச்சை வாடை. எப்படிப் பார்த்து வாங்குவது? என்னென்ன செய்யலாம்?

பதில்: இந்த ஊரின் சமையலைப் பழக ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அவரைக்காயைத்தான் சொல்வேன். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை அதன் பருவம். மாகடி போன்ற சுற்றுப்புற ஊர்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். பனிக் காலத்தில் நாட்டுக் காயின் தோலில் எண்ணெய்போல் ஒரு பிசுக்கு ஏறும். மணம் அதில்தான் இருக்கிறது. இங்குள்ளவர்கள் அதைச் சொகடு என்பார்கள். காயைக் கையில் எடுத்தால் விரல் பிசுபிசுக்க வேண்டும், முகர்ந்தால் மணம் தூக்க வேண்டும், கொட்டை தோலுக்கு வெளியே புடைத்துத் தெரிய வேண்டும். கழுவித் துடைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும் காயில் மணத்தை எதிர்பார்க்காதீர்கள். உரித்து விற்கும் கொட்டை வசதியானதுதான். ஆனால் மணத்தின் பெரும்பகுதி தோலோடு போய்விட்டிருக்கும்.

முதலில் உப்புமாவிலும் அரிசி ரொட்டியிலும் சேர்த்துப் பாருங்கள். அடுத்து, கிருஷ்ணகிரி, தருமபுரிக்காரர்கள் நன்கு அறிந்த பிதுக்குப் பருப்புக் குழம்பு. கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தினால் பருப்பு தோலை விட்டுத் துள்ளி வெளியே வரும். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் உட்காரவைக்க வேண்டிய வேலை இது. தேங்காய், மல்லி, வெங்காயம், பூண்டு, இஞ்சி, சிறிது பட்டை, கிராம்பு, கசகசா அரைத்து ஊற்றுங்கள். தோல் நீக்கிய பருப்பைக் குக்கரில் போட வேண்டாம், குழைந்துவிடும். திறந்த பாத்திரத்தில், பருப்பு உருக்குலையாமல் முழுதாக வேகும் வரை கொதித்தால் போதும்.

கேள்வி (மல்லேஸ்வரத்திலிருந்து): கீரை வாங்கினால் மசியலும் கூட்டும் தவிர வேறு தெரியவில்லை. பஸ்ஸாரு எப்படிச் செய்வது?

பதில்: ஒரே கொதியில் குழம்பும் பொரியலும் கிடைக்கும் சிக்கனமான முறை அது. துவரம் பருப்பையோ பச்சைப் பயற்றையோ முக்கால் பதம் வேகவைத்து, நறுக்கிய தண்டுக்கீரையும் ஒரு கைப்பிடி சதகுப்பைக் கீரையும் சேர்த்து வேகவிட்டு, தண்ணீரைத் தனியே வடித்துக்கொள்ளுங்கள். வதக்கிய வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மல்லி, சீரகம், மிளகு, தேங்காய், புளி ஆகியவற்றுடன் வெந்த கீரைப் பருப்பிலும் ஒரு பிடி சேர்த்து அரைத்து, வடித்த நீரில் கலந்து கொதிக்கவைத்தால் சாறு ஆயிற்று. மீதியைக் கடுகும் பூண்டும் தாளித்துத் தேங்காய்த் துருவலோடு புரட்டினால் பொரியல். பாலக் கீரை இதற்கு உதவாது, கரைந்துவிடும். மறுநாள் சூடாக்கிய சாறு முதல் நாளை விடச் சுவையாக இருக்கும் என்பது என் கட்சி; என் வீட்டிலேயே இதை ஏற்காதவர்கள் உண்டு.

கேள்வி (வர்த்தூர் பக்கத்திலிருந்து): அருகில் விளைந்த கீரை என்றால் தூய்மையானது என்று நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. அருகில் விளைந்தது என்பது தூரத்தைப் பற்றிய செய்தி; தூய்மைக்கு அது சான்று ஆகாது. பெங்களூரின் கழிவுநீர் கலந்த ஏரிகளையும் கழிவுநீர்க் கால்வாயாகிவிட்ட விருஷபாவதி ஆற்றையும் ஒட்டிய நிலங்களில், அந்த நீரையே பாய்ச்சிக் கீரை வளர்ப்பது நடக்கிறது. வேர் வழியாக ஏறிய கன உலோகங்கள் கழுவினாலும் உப்பு நீரில் ஊறவைத்தாலும் போகா. மேலே ஒட்டிய மண்ணும் கிருமிகளில் ஒரு பகுதியும்தான் போகும். விற்பவரிடம் எந்த ஊர்க் கீரை, எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள். வாரந்தோறும் ஒருவரிடமே வாங்கினால் கேட்பதும் எளிது, பதிலும் நேராக வரும்.

தோட்டக்கலை விவசாயிகளின் கூட்டுறவான ஹாப்காம்ஸ் கடைகள் 1959 முதல் இயங்குகின்றன. சுற்றுப்புற விவசாயிகளிடமிருந்து நேரடியாகக் கொள்முதல் செய்வதால் அங்கே வாங்குவதும் ஒரு வழி. அங்கேயும் ஆப்பிள் விற்கும் என்பதால், கடையைப் பார்த்து முடிவு செய்யாமல் பொருளைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து): சென்னையில் பொங்கிய மாவு இங்கே டிசம்பரில் பொங்குவதில்லை. பருப்பும் மெதுவாக வேகிறது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஊரின் உயரம்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்புக்குக் கூடுதல் நேரம் வேண்டும். உயரத்தால் இங்கே குளிரும் கூடுதல் என்பதால் குளிர்கால இரவு மாவு புளிக்கப் போதிய வெப்பம் தருவதில்லை. மாலையிலேயே அரைத்து, கெட்டியாக, கையால் கலந்து, உள்விளக்கை மட்டும் எரியவிட்ட ஓவனுக்குள் வையுங்கள். ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று பங்கு கேழ்வரகு மாவு கலந்த தோசை, சற்றுக் குறைவாகப் புளித்தாலும் நன்றாக வரும்.

கேள்வி (தூத்துக்குடியிலிருந்து வந்து ஹெப்பாலில் வசிப்பவர்): மீனுக்கு என்ன செய்வது?

பதில்: மங்களூர்க் கடல்கூட இங்கிருந்து 350 கிலோமீட்டர். நன்னீர்க் கட்லாவும் ரோகுவும் உங்கள் நாக்குக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கடல் மீனை மாதத்தில் சில நாள் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். மற்ற நாள்களில் நாட்டுக் கோழிச் சாறும் களியும் பழகுங்கள்.

கேள்வி (ஜெயநகரிலிருந்து): காந்தி பஜாரில் எள்ளைப்போல் சற்று நீண்ட, கறுப்பான விதை ஒன்றைப் பார்த்தேன். ஹுச்செள்ளு என்றார்கள். வாங்கலாமா?

பதில்: கட்டாயம் வாங்குங்கள். கேழ்வரகு வயலில் ஊடுபயிராக விதைக்கப்படும் எண்ணெய் வித்து அது. சட்னிப் பொடிக்குத் தனி மணம் தரும். கல்லும் மண்ணும் இருக்கும் என்பதால் புடைத்துக்கொண்டு, வெறும் வாணலியில் சிறு தீயில் படபடவென்று வெடிக்கும் வரை வறுங்கள். முற்றிலும் ஆறிய பிறகு, வறுத்த மிளகாய், பூண்டு, கொப்பரை, புளி, உப்பு சேர்த்து விட்டு விட்டு அரையுங்கள். சூட்டோடு அரைத்தால் எண்ணெய் கக்கிப் பொடி உருண்டுவிடும். அதே எண்ணெயால் விரைவில் சிக்கு வாடையும் ஏறும். இரண்டு வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் செய்யுங்கள். கத்தரிக்காய்ப் பொரியலை இறக்கும்போது ஒரு கரண்டி தூவிப் பாருங்கள்.