பாதைப் பகிர்வு: தோப்பூர் பொட்டலம் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறது? – வலையமைப்புக் கேள்வி பதில்

இம்மாதக் கடிதங்களில் அதிகமானவை ஒரு ரூட்டிங் புரோட்டோகோல் (ரவுட்டர்கள் பாதைகளைத் தமக்குள் பரிமாறும் முறை; ஓஎஸ்பிஎஃப், ரிப், ஈஐஜிஆர்பி, பிஜிபி போன்றவை) கற்ற பாதைகளை இன்னொன்றுக்குக் கொடுப்பது பற்றியவை. அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, எங்கள் தலைமை அலுவலகத்தில் ஓஎஸ்பிஎஃப் ஓடுகிறது. நிலாவெளி, குச்சவெளிக் கிளைகளின் பழைய ரவுட்டர்களுக்கு ரிப் இரண்டாம் பதிப்பு மட்டுமே தெரியும். இரண்டும் சந்திக்கும் சிஸ்கோ ரவுட்டரில் இருபக்கமும் ரிடிஸ்ட்ரிபியூட் (பகிர்) கட்டளை கொடுத்தோம். தலைமை அலுவலகத்தில் 192.168.5.0/24 தெரிகிறது, 10.20.1.0/24 தெரியவில்லை. கிளைகளில் ஓஎஸ்பிஎஃப் பாதை ஒன்றுகூட இல்லை. எங்கே பிழை?
– வாசகர், உப்புவெளி

பதில்: இரண்டு பக்கத்திலும் வெவ்வேறு பிழைகள் இருக்கின்றன.

192.168.5.0/24 பழைய ஏ, பி, சி முகவரி வகுப்புப் பிரிப்பின்படி அந்த வகுப்பின் முழு அளவு. 10.20.1.0/24 என்பது 10.0.0.0/8 இலிருந்து வெட்டிய துண்டு. ஓஎஸ்பிஎஃப்பில் ‘ரிடிஸ்ட்ரிபியூட் ரிப்’ என்று மட்டும் எழுதினால் வகுப்பு முழுமையாக உள்ள பாதைகள் மட்டும் உள்ளே போகும், துண்டுகள் நின்றுவிடும். கட்டளையின் கடைசியில் ‘சப்நெட்ஸ்’ சேர்த்தால் இது தீரும். புதிய மென்பொருள் பதிப்புகள் சிலவற்றில் அது தானாகவே சேர்கிறது. உங்களுடையது பழையது என்பதால் நீங்களே எழுத வேண்டும்.

கிளைப் பக்கத்தில் இல்லாதது மெட்ரிக், அதாவது பாதையின் தூரத்தைச் சொல்லும் எண். ஓஎஸ்பிஎஃப்பின் செலவு எண்ணை ரிப்பால் தாவல் எண்ணிக்கையாக (வழியில் கடக்கும் ரவுட்டர்களின் எண்ணிக்கை) மாற்ற முடியாது. நீங்கள் எண் கொடுக்காவிட்டால் ரிப் அதை முடிவிலி, அதாவது 16, என்று எடுத்துக்கொண்டு பாதையை அறிவிக்காது. ‘ரிடிஸ்ட்ரிபியூட் ஓஎஸ்பிஎஃப் 1 மெட்ரிக் 3’ என்று எழுதுங்கள். 15 தான் ரிப்பின் எல்லை என்பதால் 10, 12 என்று பெரிய எண் கொடுக்காதீர்கள். தொலைவிலுள்ள கிளைக்குப் போவதற்குள் எண்ணிக்கை தீர்ந்துவிடும். ஓஎஸ்பிஎஃப்புக்கு இந்தக் கவலை இல்லை. எண் கொடுக்காவிட்டால் 20 என்று வைத்து, ஈ2 வகையாக (உள்வழிச் செலவு கூடாத வெளிப்பாதையாக) அறிவிக்கும்.

ரிப்பின் கீழ் ‘வெர்ஷன் 2’, ‘நோ ஆட்டோ சமரி’ இரண்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். முதற்பதிப்பு சப்நெட் மாஸ்க்கைக் கொண்டுசெல்லாது. இரண்டாம் பதிப்பில் தானியங்கிச் சுருக்கம் நிற்காவிட்டால், வகுப்பு எல்லையில் 10.20.1.0/24 மறுபடியும் 10.0.0.0/8 ஆகிவிடும்.

எதையும் திருத்துமுன் எல்லை ரவுட்டரில் ‘ஷோ ஐபி ரூட் ரிப்’ கொடுங்கள். ரவுட்டிங் அட்டவணையில் ‘ஆர்’ எழுத்தோடு இருக்கும் பாதைகளும், ரிப்பின் நெட்வேர்க் கட்டளைக்குள் வரும் நேரடி இணைப்புகளும் மட்டுமே மறுபக்கம் போகும். அதே பாதை கையால் ஸ்டாட்டிக்காகவும் எழுதப்பட்டிருந்தால் அட்டவணையில் ஸ்டாட்டிக்கே இடம்பிடிக்கும்; ரிப்பிலிருந்து அது போகாது. இதைக் கவனியாமல் பல மணிநேரம் வீணாவது சாதாரணம்.

உங்கள் கிளைகளுக்கு வெளியே போக ஒரே வாசல்தான் இருக்கிறது என்று கடிதத்திலிருந்து விளங்குகிறது. அப்படியானால் தலைமை அலுவலகத்தின் அத்தனை பாதைகளையும் ரிப்புக்குள் கொட்டத் தேவையில்லை. ரிப்பின் கீழ் ‘டிஃபோல்ட் இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்ற ஒரே வரி போதும். கிளைகள் தெரியாத எல்லாவற்றையும் எல்லை ரவுட்டருக்கு அனுப்பும். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்கு மட்டும் பகிருங்கள். ஒரு திசையில் மட்டும் பகிர்ந்தால் சுழற்சிக்கு இடமில்லை.

கேள்வி: நகரத் தலைமையகத்திலிருந்து கிண்ணியாவுக்குத் தரைவழி லைன் ஒன்றும், மூதூருக்குக் கொட்டியாரக் குடாவுக்கு மேலாக ரேடியோ இணைப்பு ஒன்றும் உண்டு. இரண்டிலும் ஓஎஸ்பிஎஃப். கிண்ணியாவையும் மூதூரையும் இணைக்கும் லைனிலும், மூதூருக்கு அப்பால் தோப்பூர்க் கிளையிலும் (10.20.7.0/24) ரிப். கிண்ணியா, மூதூர் இரண்டு ரவுட்டர்களும் இருதிசையிலும் பகிர்கின்றன. ரேடியோ இணைப்பு விழுந்து மீண்டால் சில வேளைகளில் தோப்பூர் கிடைப்பதில்லை. டிரேஸ்ரூட்டில் (பொட்டலம் போகும் வழியைக் காட்டும் கட்டளை) மூதூர், நகர், கிண்ணியா, மூதூர் என்று திரும்பத் திரும்ப வருகிறது. வேறு சில வேளைகளில் எல்லாம் சரியாக இருக்கிறது. ரேடியோவை மாற்ற வேண்டுமா?
– வாசகர், மூதூர்

பதில்: ரேடியோவில் குற்றமில்லை, மாற்ற வேண்டாம். ஒரே பாதை இரண்டு புரோட்டோகோல் வழியாகக் கிடைத்தால் சிஸ்கோ ரவுட்டர் நம்பக எண் (டிஸ்டன்ஸ்) குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும். அதில் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120.

ரேடியோ விழுந்திருக்கும்போது கிண்ணியா ரவுட்டருக்குத் தோப்பூர் பற்றிய செய்தி மூதூரிலிருந்து ரிப்பில் மட்டும் வருகிறது. அதைக் கிண்ணியா ஓஎஸ்பிஎஃப்புக்குள் போடுகிறது. ரேடியோ மீண்டதும் அந்த அறிவிப்பு நகர் வழியாக மூதூருக்கு வந்து சேர்கிறது. மூதூரிடம் தோப்பூருக்கு நேரான நல்ல ரிப் பாதை இருந்தும், 110 என்பது 120 ஐ வென்று, ‘தோப்பூருக்கு நகர் வழியாகப் போ’ என்ற பாதை அட்டவணையில் ஏறுகிறது. கேடு இதோடு நிற்பதில்லை. இப்போது அது ஓஎஸ்பிஎஃப் பாதையாகிவிட்டதால் மூதூர் அதை ரிப்புக்குள் திருப்பிப் போட்டு, ‘தோப்பூர் என்னிடம் இருக்கிறது’ என்று கிண்ணியாவுக்குச் சொல்கிறது. கிண்ணியா அதை நம்பி மறுபடி ஓஎஸ்பிஎஃப்பில் அறிவிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைத்துக்கொண்டு நிற்கின்றன. இந்த நிலையில் தோப்பூர் லைனையே வெட்டினாலும் அந்தப் பாதை அட்டவணையிலிருந்து போகாது.

சில வேளை சரியாக இருப்பதற்குக் காரணம், மீளும் கணத்தில் எந்த ரவுட்டர் முதலில் மாறுகிறது என்பதே. கிண்ணியா முந்திக்கொண்டு மூதூரின் ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பை ஏற்றால், தன் அறிவிப்பைத் தானே விலக்கிக்கொள்ளும், பிரச்சினை வராது. மின்வெட்டுக்குப் பின் ஒருநாள் ஒழுங்காகவும் மறுநாள் குழப்பமாகவும் இருப்பதன் விளக்கம் இதுதான்.

திருத்தம் இரண்டு பகுதி. இரண்டும் கிண்ணியா, மூதூர் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

முதலாவது டேக், அதாவது பாதையின் பிறப்பிடத்தைச் சொல்லும் அடையாள எண். இரண்டு ரூட் மேப் (பாதைகளை வடிகட்டும் விதிப்பட்டியல்) எழுதுங்கள். ரிப்பிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும் மேப்பில் 10ஆம் வரி டேக் 110 உள்ளவற்றை மறுக்கட்டும். 20ஆம் வரி மற்றவற்றை அனுமதித்து டேக் 120 இடட்டும். எதிர்த்திசை மேப்பில் 10ஆம் வரி டேக் 120 ஐ மறுக்கட்டும். 20ஆம் வரி அனுமதித்து டேக் 110 இடட்டும். எண்கள் உங்கள் விருப்பம். ஆனால் ரிப்பின் டேக் 16 பிட் மட்டுமே, 65535 ஐத் தாண்டாதீர்கள். 20ஆம் வரியை மறந்தால் மேப்பின் முடிவில் எழுதாமலே நிற்கும் மறுப்பு எல்லாப் பாதைகளையும் நிறுத்திவிடும். முதன்முறை செய்வோர் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

டேக் பாதைகள் திரும்பி வருவதைத் தடுக்கும். ஆனால் மூதூர் தவறான பாதையைத் தேர்ந்தெடுப்பதை அது தடுக்காது. பாதை இங்குமங்குமாகத் தாவ இன்னும் இடமுண்டு. ஆகவே இரண்டாவது திருத்தம்: ஓஎஸ்பிஎஃப்பின் கீழ் ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 125’. இனி வெளியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குள் போடப்பட்ட பாதைகளுக்கு 125, ரிப்புக்கு 120; தோப்பூருக்கு ரிப் பாதையே வெல்லும். தலைமையகத்தின் சொந்தப் பாதைகள் 110 இலேயே இருக்கும்.

இணைய வாசல் போன்ற வேறு வெளிப்பாதைகளும் உங்கள் ஓஎஸ்பிஎஃப்பில் இருந்தால் இந்த ஒற்றை வரி ஆகாது. அவற்றுக்கும் 125 ஆகிவிடும். மறு எல்லை ரவுட்டர் ரிப்பில் போட்ட பிரதி 120 உடன் வந்து வென்றுவிடும். அப்போது 10.20.0.0 ஐ மட்டும் அனுமதிக்கும் அக்சஸ் லிஸ்ட் ஒன்றை எழுதி, ‘டிஸ்டன்ஸ் 125 0.0.0.0 255.255.255.255’ என்ற வரியின் முடிவில் அதன் எண்ணைச் சேருங்கள். அந்த முகவரிகள் ரிப் பக்கத்தில் மட்டும் இருப்பது அவசியம்.

தூரத்திலிருந்து இந்த மாற்றத்தைச் செய்வதானால் முதலில் ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். ஏதும் பிழையாகி இணைப்பு அறுந்தால் பத்து நிமிடத்தில் ரவுட்டர் சேமித்து வைத்த பழைய அமைப்போடு எழும். சரியாக வந்தால் ‘ரீலோட் கேன்சல்’ கொடுத்துவிட்டுச் சேமியுங்கள். அதற்குமுன் சேமித்தால் இந்தப் பாதுகாப்புக்குப் பயனில்லை. பிறகு ரேடியோவை வேண்டுமென்றே நிறுத்தி, மீட்டு, ஒவ்வொரு முறையும் தோப்பூருக்கு டிரேஸ்ரூட் பாருங்கள். ஒருமுறை சரியாக வந்ததை வைத்து முடிவுகட்ட வேண்டாம். ரிப் ஒரு பாதை செத்தது என்று முடிவெடுக்கவே 180 விநாடி எடுக்கும்.

கேள்வி: ஈஐஜிஆர்பிக்குள் பகிரும்போது எழுதும் 10000 100 255 1 1500 என்ற ஐந்து எண்கள் எதைக் குறிக்கின்றன?
– மாணவர், கோணேசபுரி

பதில்: முறையே பட்டையகலம் (பேண்ட்விட்த்) விநாடிக்குக் கிலோபிட்டில், தாமதம் பத்து மைக்ரோ விநாடி அலகில் (100 என்றால் 1000 மைக்ரோ விநாடி), நம்பகத்தன்மை 255க்கு எத்தனை, சுமை 255க்கு எத்தனை, எம்டியூ (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பைட்டில். வழக்கமான அமைப்பில் கணக்கில் சேர்வது முதல் இரண்டு மட்டும்: ஒரு கோடியை 10000 ஆல் வகுத்து 1000, அதனுடன் 100, பெருக்கல் 256, விடை 281600. ரிப்பைப் போலவே இங்கும் எண் கொடுக்காவிட்டால் ஓஎஸ்பிஎஃப் பாதை உள்ளே வராது. ஸ்டாட்டிக், நேரடி இணைப்பு, இன்னொரு ஈஐஜிஆர்பி ஆகியவற்றுக்குக் கொடுக்காவிட்டாலும் வேலை செய்யும்.

மேலே மூதூர் வாசகருக்கு வந்த தொல்லை ஈஐஜிஆர்பியில் குறைவு. சொந்தப் பாதைக்கு 90, வெளியிலிருந்து வந்ததற்கு 170 என்று அது தொடக்கத்திலேயே பிரித்து வைத்திருக்கிறது.

கேள்வி: மைக்ரோட்டிக் ரவுட்டரை ஆறாம் பதிப்பிலிருந்து ஏழுக்கு மாற்றினோம். ஓஎஸ்பிஎஃப்பில் ஸ்டாட்டிக் பாதைகளைப் பகிரச் சொல்லியிருந்தும் எதுவும் போகவில்லை. ஃபில்டரில் மறுப்பு எதுவும் நாங்கள் எழுதவில்லை.
– வாசகர், தம்பலகாமம்

பதில்: ஏழாம் பதிப்பில் ஓஎஸ்பிஎஃப் இன்ஸ்டன்ஸில் ‘அவுட் ஃபில்டர் செயின்’ பெயர் ஒன்று இருந்தால், அந்தச் செயினின் எந்த விதியிலும் ஏற்கப்படாத பாதை மறுக்கப்படும். மறுப்பை நீங்கள் எழுதத் தேவையில்லை. 10.20.0.0/16க்குள் அடங்குவதை ஏற்கும் விதி ஒன்றை அந்தச் செயினில் எழுதுங்கள். எல்லாவற்றையும் ஏற்கும் ஒரு விதியை எழுதித் தப்பிக்கப் பார்க்க வேண்டாம். நாளை யாரோ சோதனைக்கு எழுதும் ஸ்டாட்டிக் பாதையும் எல்லாக் கிளைகளுக்கும் போய்விடும். 0.0.0.0/0 என்ற டிஃபோல்ட் பாதைக்கு மட்டும் இந்தப் பகிர்வு பொருந்தாது; அதற்கு ‘ஒரிஜினேட் டிஃபோல்ட்’ என்ற தனி அமைப்பு உண்டு. அதை ‘இஃப் இன்ஸ்டால்ட்’ என்று வைத்தால், டிஃபோல்ட் பாதை அட்டவணையில் உள்ளபோது மட்டும் அறிவிக்கும்.

கேள்வி: இரண்டு இணையச் சேவை லைன்களில் பிஜிபி எடுக்கிறோம். அதை அப்படியே ஓஎஸ்பிஎஃப்புக்குள் பகிரலாமா?
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: வேண்டாம். முழு இணைய அட்டவணையில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிவி4 பாதைகள் இருக்கின்றன. ஓஎஸ்பிஎஃப்பில் ஒவ்வொன்றும் தனி அறிவிப்பாகி ஒவ்வொரு ரவுட்டரின் நினைவகத்திலும் உட்காரும். சிறிய கிளை ரவுட்டர் முதலில் விழும்.

அதைவிடப் பெரிய ஆபத்து திரும்பும் வழியில் இருக்கிறது. பிஜிபி சுழற்சியைக் கண்டுபிடிப்பது, ஒவ்வொரு பாதையோடும் வரும் தன்னாட்சி அமைப்பு (ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள வலையமைப்பு) எண்களின் வரிசையைக் கொண்டுதான். ஓஎஸ்பிஎஃப்புக்குள் போனால் அந்த வரிசை அழிந்துவிடும். மறுபடி பிஜிபிக்கு வந்தால் அந்தப் பாதை உங்களிடமே பிறந்ததுபோல உலகுக்குத் தெரியும். 1997 ஏப்ரல் 25 அன்று 7007 என்ற எண்ணுடைய அமைப்பு, பிறரிடம் கற்ற பாதைகளை /24 துண்டுகளாக, தன்னிடமே பிறந்தவைபோல் அறிவித்தது. துண்டு சிறியதானால் ரவுட்டர்கள் அதையே தேர்ந்தெடுக்கும் என்பதால் இணையத்தின் பெரும்பகுதிப் போக்குவரத்து அங்கே இழுக்கப்பட்டது.

உள்ளே அனுப்ப வேண்டியது டிஃபோல்ட் பாதை மட்டுமே. இரண்டு எல்லை ரவுட்டர்களிலும் ‘டிஃபோல்ட் இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ கொடுத்து, மெட்ரிக் வகையை 1 ஆக்குங்கள். ஈ2வில் அறிவித்த எண் எங்கும் மாறாது. ஈ1இல் உள்வழிச் செலவும் கூடும், கூட்டிய தொகை குறைந்த வாசலைக் கிளைகள் பிடிக்கும். ‘ஆல்வேஸ்’ என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் சேவை லைன் செத்த பின்னும் அந்த ரவுட்டர் ‘என்னிடம் வழி இருக்கிறது’ என்று அறிவித்துக்கொண்டே இருக்கும்.

உங்கள் முகவரிகளை வெளியே அறிவிக்கவும் ஓஎஸ்பிஎஃப்பைப் பிஜிபிக்குள் பகிர வேண்டாம். பிஜிபியின் கீழ் ‘நெட்வேர்க்’ கட்டளையில் உங்கள் முகவரித் தொகுதியை மாஸ்க்கோடு எழுதி, அதே அளவுள்ள பாதை அட்டவணையில் எப்போதும் இருக்கும்படி நல் 0க்கு (வருவதை எறிந்துவிடும் போலி வாசல்) ஒரு ஸ்டாட்டிக் போடுங்கள். இரு சேவை லைன்களின் வெளித்திசையிலும் அந்தத் தொகுதியை மட்டும் அனுமதிக்கும் பிரிஃபிக்ஸ் லிஸ்டைக் கட்டிவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஒரு லைனில் கற்ற பாதைகள் மற்ற லைன் வழியாக வெளியே போகும்.