அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவர் சக ஆசிரியர்களுக்குக் கட்டுரை கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் செயலமர்வுகளால் உண்மையில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் வளவாளராக, அதாவது சொல்லித்தர, வருகிறவர் உங்கள் கையில் பேனையைத் தந்து உங்களை எழுதவைக்க வேண்டும். பவர்பொயின்ற் போட்டு வாசித்துவிட்டுப் போகிறவருக்காக நீங்கள் ஒரு சனிக்கிழமையை இழக்கத் தேவையில்லை.

கேள்வியைப் பார்த்தால் நியமனம் கிடைத்து ஓரிரு வருடமான தமிழ் ஆசிரியர் என்று நினைக்கிறேன். தம்பியோ தங்கச்சியோ தெரியாது. ஓய்வு நாளும் போய், பஸ் காசும் கையால் போய், "எங்களுக்குத் தெரியாத எதை இவ சொல்லப்போறா" என்று எரிச்சலும் வந்திருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி வன்னிக்கு வருகிறவர் என்றால் எரிச்சல் இன்னும் கூட. எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது.

நான் வன்னியில், துணுக்காய்ப் பக்கம் படிப்பிக்கிறேன். 2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து சனங்கள் திரும்பி வந்து பள்ளிக்கூடம் தொடங்கியபோது எனக்குத் தரம் 6 தந்தார்கள். 31 பிள்ளைகள். பாதிக் கட்டடத்துக்குக் கூரை இல்லை. "எங்கள் வீடு" என்று கட்டுரை எழுதச் சொன்னேன். 31 கொப்பியிலும் ஒரே கட்டுரை: "எங்கள் வீடு கல்லால் கட்டப்பட்ட அழகிய வீடு. அதில் நான்கு அறைகள் உள்ளன. முற்றத்தில் ரோசாச் செடிகள் பூத்துக் குலுங்கும்." அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் கல்வீடு கிடையாது. எல்லாரும் தறப்பாளுக்கு, அதாவது தார்ப்பாய்க்கு, கீழே இருந்தார்கள். வசனங்கள் என்னுடையவை. முதல் கிழமை கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடமாக்கச் சொன்னவளே நான்தான். ஒருவரும் வெறுங்கொப்பி தரவில்லை என்று அன்றைக்குச் சந்தோசப்பட்டேன்.

அப்போது பக்கத்துப் பாடசாலையில் ஒரு மூத்த ரீச்சர் இருந்தா. 30 வருடச் சேவை. பெயர் சொன்னால் அவவுக்குப் பிடிக்காது. ஒரு பதவியும் அவவுக்கு இல்லை. சுற்றியிருந்த பாடசாலைகளின் தமிழ் ஆசிரியர்கள் ஏழு பேரைக் கூப்பிட்டு, "வகுப்புக் கொப்பியில மூண்டு கொண்டு வாங்கோ. கெட்டிக்காரப் பிள்ளையின்ர ஒண்டு, நடுத்தரம் ஒண்டு, ஏலாத பிள்ளையின்ர ஒண்டு" என்றா. மருதமர நிழலில் வாங்கு போட்டு இருந்தோம். நான் கொண்டுபோன மூன்றாவது கொப்பியை விரித்து, மற்றவர்கள் கேட்க வாசித்தா. கல்வீடு, நான்கு அறை, ரோசாச் செடி. அதற்குக் கீழே நான் கவனிக்காத ஒரு வசனம்: "மளை பெய்தால் அம்மா தடியால தறப்பாளை உயத்துவா தண்ணி ஒரு பக்கமாக் கொட்டும்."

'மளை'யைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தேன். 'தடியால'வுக்கும் வட்டம். 'உயத்துவா'வை வெட்டி 'உயர்த்துவார்' என்று மேலே எழுதியிருந்தேன். பத்துக்கு நாலு.

"பிழை எல்லாம் சரியாத்தான் பிடிச்சிருக்கிறீங்கள். பிள்ளை என்ன சொல்லுது எண்டு பாத்தனீங்களே?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கொப்பி கண்ணுக்குள் நிற்கிறது. தறப்பாள் நடுவில் தாழ்ந்து தண்ணீர் தேங்கி நிற்கும்போது அதைத் தடியால் உந்திவிடாத தாய் அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊரில் இல்லை. நானும் உந்திவிட்டிருக்கிறேன். அதை எழுதின ஒரே பிள்ளைக்கு நாலு புள்ளி போட்டேன்.

பிறகு எங்களையும் "எங்கள் வீடு" எழுதச் சொன்னா. இருபது நிமிடம். முதல் வரி "எங்கள் வீடு கல்லால்" என்று என் கையிலிருந்தே வந்தது. வெட்டினேன். பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. கடைசியில், திரும்பிப்போய்ப் பார்த்தபோது கதவு நிலை, யன்னல் ஒன்றும் இல்லை, கிணற்றுக் கப்பியையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள் என்று நாலு வரி எழுதினேன். பத்து வருடத்துக்கு மேல் கட்டுரை படிப்பித்தவளுக்கு இருபது நிமிடத்தில் வந்தது நாலு வரி. அப்போது ஒரு பாடவேளை 40 நிமிடம். அதற்குள் முன்னுரை, முடிவுரையோடு ஒரு பக்கம் எழுது என்று பிள்ளைகளை வெருட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை என் வகுப்புக்கே வந்து பிள்ளைகளுக்கு முன்னால் வெண்கட்டியால் எழுதிக் காட்டினா. "எங்கள் வீட்டின் கூரை நீல நிறம்" என்று தொடங்கி, நின்று யோசித்து, வெட்டி, திரும்ப எழுதினா. பின் வரிசையில் ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், தறப்பாளைக் கூரை எண்டு சொல்லுறேல்லை" என்றான். "அப்ப எப்பிடி எழுதுவம்?" என்று அவனையே கேட்டா. பெரிய ஆள் ஒருவர் எழுதும்போது தடுமாறுவதை அந்தப் பிள்ளைகள் அன்றைக்குத்தான் கண்டார்கள். நான் எப்போதும் எழுதி முடித்ததைத்தான் பலகையில் போட்டிருக்கிறேன். திருத்துவதற்கும் ஒரு வழி சொன்னா. ஒரு கட்டுரையில் ஒரு வகைப் பிழையை மட்டும் பிடிக்க வேண்டும். இந்த முறை ழகர ளகரம் என்றால் அது மட்டும், சந்தி அடுத்த முறைக்கு. பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை ஒன்றையும் பார்க்காது, கொப்பியை மூடிவிடும்.

இது அவவின் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். பிறகு தெரிந்துகொண்டது, 1974இல் அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் 25 ஆசிரியர்களைக் கூட்டி இதே வேலையைத் தொடங்கியிருக்கிறார். அவரும் முன்பு உயர்நிலைப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தவர். ஆசிரியருக்கு நல்ல ஆசிரியர் இன்னொரு ஆசிரியர், எழுத்துப் படிப்பிக்கிறவர் தானும் எழுத வேண்டும், இரண்டுதான் அடிப்படை. அது நாடு முழுவதற்குமான திட்டமாக வளர்ந்திருக்கிறது. மருதமர நிழலில் அந்த ரீச்சருக்கு இது ஒன்றும் தெரியாது.

"சாதாரண தரப் பரீட்சைக்கு மாதிரிக் கட்டுரை பாடமாக்காமல் எப்படிச் சித்தியடைவது, சொந்தக்கதை எழுதினால் புள்ளி வருமா" என்று சிலர் கேட்பீர்கள். கடிதம், விண்ணப்பம், அறிக்கை இவற்றின் அமைப்பைப் பாடமாக்கத்தான் வேண்டும். நானும் இன்றுவரை பாடமாக்க விடுகிறேன். மாதிரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடமாக்கினது மட்டும் உள்ள பிள்ளை, தலைப்பு கொஞ்சம் மாறி வந்தால் பேனையை வைத்துவிட்டு இருக்கும். அதை மேற்பார்வையாளராக நின்று கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதோடு ஒன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். 1990களின் கடைசியில், நியமனம் இல்லாத தொண்டர் ஆசிரியையாகத் தொடங்கி ஐந்து வருடம் படிப்பித்தேன். அந்த ஐந்து வருடமும் என் சேவைக்காலத்தில் சேர்க்கப்படவில்லை. இடப்பெயர்வில் மரத்துக்குக் கீழே, விளக்கு வெளிச்சத்தில் படிப்பித்த வருடங்கள் அவை. கடிதம் கேட்டார்கள், கொடுத்தேன். வரவுப் பதிவேடு கேட்டார்கள். பதிவேட்டை நான் எங்கேயிருந்து கொண்டுவருவது? வீட்டுக் கிணற்றுக் கப்பியே மிஞ்சவில்லை. இப்போது என்னை வளவாளராகக் கூப்பிட்டு "நீண்ட அனுபவம் கொண்டவர்" என்று ஒலிவாங்கியில் அறிமுகப்படுத்தும்போது அந்த ஐந்து வருடம்தான் நெஞ்சில் நிற்கும். என் வயதுக்காரர் பலருக்கு இதே நிலை. ஓய்வூதியம் கணக்குப் பார்க்கும்போது அது சிறிய விடயமில்லை.

சரி, உங்கள் விடயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை போங்கள். போகும்போது மூன்று கொப்பி கொண்டுபோங்கள், அதில் ஒன்று வகுப்பில் ஆகக் கஷ்டப்படுகிற பிள்ளையினுடையதாக இருக்கட்டும். பத்துமணித் தேநீருக்கு முன் வளவாளர் உங்களை எழுதச் சொல்லாவிட்டால் எழும்பிக் கேளுங்கள்: "ரீச்சர், ஒரு தலைப்பு தாங்கோ, நாங்களும் எழுதிப் பாக்கிறம். நீங்களும் எங்களோட எழுதுங்கோ." கோபிக்க மாட்டார்கள். என்னிடம் ஒரு தங்கச்சி அப்படிக் கேட்டிருக்கிறா. ஒரு டிமைத் தாளை எடுத்துக்கொண்டு போய் அவவுக்குப் பக்கத்து வாங்கில் இருந்து எழுதினேன்.