கரிசல் மண்ணில் ஹாக்கி டர்ஃப்: வாசகர் கேள்வி – பதில்

டெல்லியில் உள்ள தேசிய அரங்கம் ஹாக்கிக்காகவே கட்டப்பட்டதா?
– வாசகி, செல்லூர்

இல்லை. 1933-இல் பவநகர் மகாராஜாவின் நன்கொடையில் எழுந்தபோது அதற்கு இர்வின் ஆம்பிதியேட்டர் என்று பெயர். கனாட் பிளேஸை வடிவமைத்த ராபர்ட் டார் ரஸ்ஸல்தான் இதையும் வடிவமைத்தார். 1951 மார்ச்சில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி இங்கேதான் நடந்தது; தேசிய அரங்கம் என்ற பெயர் அதையொட்டி வந்தது. ஹாக்கி வீரர் தயான் சந்தின் பெயர் சூட்டப்பட்டது 2002-இல். 2010-இல் உலகக் கோப்பை ஹாக்கியும் காமன்வெல்த் ஹாக்கியும் இங்கேயே நடந்தன.

மதுரை ரேஸ்கோர்ஸில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டம் பார்த்தோம். டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) தண்ணீர் பாய்ச்சுவது வெயிலுக்காகவா?
– வாசகர், மேலூர்

சூடு தணிவது கூடுதல் பயன்தான். காய்ந்த நாரில் பந்து உரசி வேகம் குறையும், துள்ளும். நனைந்தால் தரையோடு வழுக்கி ஓடும். விழுந்து தடுப்பவர்களின் தோலும் உரியாது. ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். ஓரங்களையும் சேர்த்தால் 101.4-க்கு 63, அதாவது ஏறக்குறைய 158 சென்ட். அவ்வளவு இடத்தில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கவே 6,388 லிட்டர் வேண்டும். உப்புத்தண்ணீர் போர்வெல் மட்டுமே இருந்தால் ஸ்ப்ரிங்ளர் மூக்கு அடைத்துக்கொள்ளும், நாரில் வெள்ளை படியும். நிழல் விழும் மூலையில் பாசி பிடிக்கும். அதை வாராவாரம் தேய்த்து எடுக்காவிட்டால் வழுக்கும்.

எங்கள் பள்ளி மைதானம் கரிசல். டர்ஃப் போடலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், திருமங்கலம் வட்டாரம்

போடலாம், ஆனால் பணத்தை முதலில் மண்ணுக்கு அடியில் போடுங்கள். கரிசல் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மேலே எவ்வளவு உயர்ந்த டர்ஃப் விரித்தாலும் இரண்டொரு வருடத்தில் அலை அலையாகி, ஒட்டிய இணைப்புகள் பிரிந்துவிடும். மண் பரிசோதனை செய்து, பொறியாளர் சொல்லும் ஆழத்துக்குக் கரிசலை அள்ளி வெளியேற்றுங்கள். கிராவலை 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்காக, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி நிரப்ப வேண்டும். ஒட்டுமொத்தமாகக் கொட்டி ஒரே தடவை உருட்டுவதுதான் பெரும்பாலும் கெடுக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஒன்று பெய்து கழியட்டும். எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்தப் பள்ளங்களை நிரப்பிய பிறகு ஜல்லி, தார்த்தளம், ஷாக் பேட் (அதிர்வு தாங்கும் மெத்தை விரிப்பு), கடைசியில் டர்ஃப்.

சரிவு 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நடுவிலிருந்து இருபுறமும் சரித்தால், 27.5 மீட்டருக்கு அதிகபட்சம் 27 சென்டிமீட்டர் இறக்கம். சுற்றிலும் வடிகால் அவசியம். பக்கத்து நிலத்துத் தண்ணீர் அடியில் புகுந்தால் மிச்சமிருக்கும் கரிசல் மறுபடி உப்பும்.

பள்ளிக்குத் தண்ணீர் பாய்ச்சும் வகை வேண்டாம். நார்களுக்கிடையே மணல் நிரப்பிய டர்ஃப் போதும். அடிக்கடி பிரஷ் இழுத்து மணலைச் சமப்படுத்துங்கள், குறிப்பாகக் கோலுக்கு முன்னால்.