ஃபில்டரை இறுக்க இறுக்க ஆயில் ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: மேலூரில் இருக்கிறேன். என் பெட்ரோல் காருக்கு வீட்டிலேயே ஆயில் மாற்றினேன். புது ஃபில்டர் மாட்டிய மறுநாளே அடியில் ஆயில் சொட்டியது. ரென்ச் போட்டு இறுக்கியும் நிற்கவில்லை. இப்போது கழற்றவும் வரவில்லை. என்ன செய்ய?

பதில்: இன்னொரு தடவை இறுக்காதீர்கள். ஒழுக்கை அடைப்பது ஃபில்டர் வாயிலுள்ள ரப்பர் வளையம்தான், உங்கள் கைப்பலம் அல்ல. அளவுக்கு மீறி இறுக்கினால் ரப்பர் பிதுங்கும், தகடு வளையும், ஒழுகல் கூடும்.

முதலில் அந்த இடத்தை வேஸ்ட் துணியால் சுத்தமாகத் துடைத்து, பழைய தினத்தாளை விரித்து வைத்துப் பாருங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது வழிந்த ஆயில் இடுக்குகளில் தங்கி ஓரிரு நாள் சொட்டுவதுண்டு. ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டின் பழைய வாஷரை அப்படியே போட்டிருந்தாலும் கசியும்.

ஃபில்டர்தான் ஒழுகுகிறது என்றால், முதல் சந்தேகம் பழைய ஃபில்டரின் ரப்பர் மேல்தான். அது ஃபில்டர் உட்காரும் இன்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். நீங்கள் கவனிக்காமல் புதியதை அதன்மேல் ஏற்றியிருப்பீர்கள். இரண்டு ரப்பர் சேர்ந்தால் அழுத்தம் தாங்காது. ஓடும்போது ஒன்று பிதுங்கினால் சில நிமிடத்தில் சம்ப் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) காலியாகிவிடும். அதனால் சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம்.

கழற்றும் முறை: வண்டியை நகர்த்தாமல், ஒழுகல் கூடுகிறதா என்று பார்த்தபடியே, இன்ஜினை மட்டும் மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்குங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம், சைலன்சர் குழாய் பக்கத்திலேயே இருக்கும். செம்மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் பலகை போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்கு அடைப்பு வையுங்கள். ஆயிலை வடித்துவிட்டு, ஃபில்டரின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் திருப்புங்கள். கை வழுக்கினால் உப்புத்தாளின் சொரசொர பக்கம் ஃபில்டரில் படும்படி சுற்றிப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பெல்ட் ரென்ச், அல்லது ஃபில்டர் முனையில் கச்சிதமாக உட்காரும் கப் ரென்ச். பெல்ட்டை இன்ஜின் பக்கம் ஒட்டினாற்போல் மாட்டுங்கள். அங்கேதான் ஃபில்டர் டப்பா உறுதி. ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது கடைசிப் புகலிடம். தகடு கிழிந்து, மரை உள்ள தகடு மட்டும் இன்ஜினிலேயே நின்றால் வேலை இரட்டிப்பாகிவிடும்.

கழன்றதும் ஃபில்டரின் வாயில் எத்தனை ரப்பர் இருக்கிறது என்று பாருங்கள். ஃபில்டரோடு வராதது இன்ஜினில் ஒட்டியிருக்கும்; எடுத்துவிட்டு முகத்தைத் துடையுங்கள். குவாரித் தூசி ஒரு பொடி இருந்தாலும் அந்த இடத்தில் கசிவு வரும்.

புதியதை வாங்கும்போது கார் மாடல், வருடம் சொல்லி வாங்குங்கள். தோற்றம் ஒன்றாக இருந்தாலும் மரை வேறாகலாம். 20 மில்லிமீட்டர் மரை ஃபில்டரை முக்கால் அங்குல போல்ட்டில் ஏற்றினால் ஏறுவதுபோல் ஏறும், ஆனால் ஆட்டம் இருக்கும். அழுத்தம் வந்ததும் பிடுங்கிக்கொள்ளும்.

மாட்டும்போது ரப்பரில் புது ஆயிலை விரலால் தடவுங்கள். தடவாமல் மாட்டிய ரப்பர் சுருண்டு, சூட்டில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் ஃபில்டர் கழலாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். வாய் மேல்நோக்கி நிற்கும் வகையானால் பாதி அளவு ஆயில் ஊற்றியும் மாட்டலாம். படுக்கை வசமானால் வேண்டாம். கையால் திருகி, ரப்பர் முகத்தைத் தொட்டதும் டப்பாவில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதிலிருந்து முக்கால் சுற்று, கையாலேயே. டப்பாவில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதுவே சரி. ரென்ச் கழற்றத்தான், மாட்ட அல்ல.

சிறு பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 3.5 லிட்டர் ஆயில் ஆகும். மேனுவலில் பார்த்து, கொஞ்சம் குறைவாகவே ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். ஆயில் விளக்கு சில விநாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே ஆஃப். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அடியில் எட்டிப் பாருங்கள். நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும், ஃபில்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். குறைந்ததை நிரப்புங்கள்.

பழைய ஆயிலைக் கண்மாயிலோ சாக்கடையிலோ கொட்டாமல், வாங்கிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஃபில்டரையும் கவிழ்த்து வைத்து ஒரு ராத்திரி வடியவிட்ட பிறகே கொடுங்கள்.